அவிழ்த்துவிட்டா மேய்ச்சல் ஆகிடுமா? ஊட்டிக் குதிரைகளுக்குத் தேவை ஒரு புல்வெளி

ஊட்டி படகு இல்லம் பக்கம் போனவர்கள் சவாரிக் குதிரைகளைப் பார்க்காமல் திரும்பியிருக்க முடியாது. பகலில் சேணத்தோடு சுற்றுலாப் பயணிகளைச் சுமக்கும் இந்தக் குதிரைகளில் சில, வேலை இல்லாத நேரத்தில் தெருக்களில் தனியாகத் திரிகின்றன. குப்பையைக் கிளறுகின்றன, நடுரோட்டில் நிற்கின்றன, வண்டி மோதி அடிபடுகின்றன. நகராட்சி பிடித்து அபராதம் போடுவதும், மறுபடி குதிரைகள் ரோட்டுக்கு வருவதும் வாடிக்கையாகிவிட்டது.

‘மேயுற பிராணிதானே, அவிழ்த்துவிட்டா அதுவே பார்த்துக்கும்’ என்ற நினைப்புதான் இதற்கு அடிப்படை. அதில் பாதி உண்மை. மீதிப் பாதிதான் குதிரையின் உயிரை வாங்குகிறது.

திறந்தவெளி ஏன் நல்லது?

குதிரை, மாடு போல அசைபோடாது. உடம்போடு ஒப்பிட்டால் அதன் இரைப்பை ரொம்பச் சின்னது. தீனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். அதனால்தான் புல்வெளியில் இருக்கும் குதிரை ஒரு நாளில் சுமார் 16 மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக மேய்கிறது. இரண்டு வேளை கொள்ளும் தவிடும் வைத்துவிட்டு லாயத்திலேயே கட்டிப்போட்டால் இரைப்பைப் புண்ணும் வயிற்றுவலியும் வரும் ஆபத்து அதிகம். கட்டையைக் கடிப்பது, நின்ற இடத்திலேயே இடதும் வலதுமாக ஆடுவது எல்லாம் அடைபட்ட வாழ்க்கையோடு தொடர்புடைய பழக்கங்கள்.

துணையும் முக்கியம். நின்றபடியே குதிரை கண்ணயரும். ஆனால் ஆழ்ந்து தூங்கப் படுத்தே ஆகவேண்டும். பக்கத்தில் இன்னொரு குதிரை விழித்திருந்தால் அது பயமில்லாமல் படுக்கும்.

தெருவில் என்ன சிக்கல்?

தெருவில் புல் கிடையாது. கிடைப்பது ஓட்டல் கழிவும் பிளாஸ்டிக் பையும்தான். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே போனது குடலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. ஊரை ஒட்டிய புதர்களும் பாதுகாப்பில்லை. நீலகிரியில் மண்டிக் கிடக்கும் உண்ணிச்செடியும் பெரணியும் குதிரைக்கு விஷம். வயிறு நிறைந்த குதிரை பெரும்பாலும் இவற்றை ஒதுக்கிவிடும். பசித்த குதிரை வாய் வைத்துவிடும்.

24 மணி நேர மேய்ச்சலுக்கு என்னென்ன வேண்டும்?

* இடம்: ஒரு குதிரைக்கு ஏறக்குறைய ஒரு ஏக்கர். முள்கம்பி வேலி கூடாது. மிரண்டு ஓடும்போது உடம்பைக் கிழித்துவிடும்.
* தீவனம்: 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு 5 அல்லது 6 கிலோ காய்ந்த புல்லுக்கு ஈடான தீனி தேவை. உறைபனியில் புல் கருகும் மாதங்களில் வெளியிலிருந்து வாங்கிப் போட்டாக வேண்டும். மழைக்குப் பின் தளதளவென வளரும் புல்லை அளவில்லாமல் தின்றாலும் குளம்பில் வீக்கம் வரலாம்.
* தண்ணீர், உப்பு: நாளுக்கு 25 லிட்டருக்குக் குறையாத சுத்தமான தண்ணீர், நக்குவதற்கு உப்புக்கட்டி.
* ஒதுங்கிடம்: மழைக்கும் குளிர்காற்றுக்கும் ஒரு கூரை.
* பராமரிப்பு: குளம்பு மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை சீவ வேண்டும். சாணத்தை அள்ளாவிட்டால் குடற்புழு பெருகும். டெட்டனஸ் தடுப்பூசியும், ஆண்டுக்கு ஒருமுறை பல் பரிசோதனையும் கட்டாயம்.

அதாவது, மேய விடுவது வேலையைக் குறைக்கிற வழி இல்லை. தினமும் ஒருவர் போய்க் காயம் இருக்கிறதா, நொண்டுகிறதா என்று பார்த்தாக வேண்டும்.

ஊட்டி என்ன செய்யலாம்?

வளர்ப்பவர்களை மட்டும் குற்றம் சொல்வது சுலபம். 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி உணவும் தண்ணீரும் தங்குமிடமும் தருவது உரிமையாளரின் கடமை. அதில் விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் ஒன்றிரண்டு குதிரைகளை வைத்துப் பிழைப்பவர் ஊட்டி விலையில் ஏக்கர் நிலத்துக்கு எங்கே போவார்? அபராதம் அவர் கையில் இருக்கும் தீவனக் காசைத்தான் பிடுங்கும்.

நகரத்தை ஒட்டி, காட்டைத் தொடாத அரசு நிலத்தில் வேலியிட்ட பொது மேய்ச்சல் இடம் ஒன்றை நகராட்சி ஒதுக்கலாம். எல்லாக் குதிரைக்கும் தலா ஒரு ஏக்கர் தர முடியாது என்பது உண்மைதான். அதனால் முறைவைத்து மேயவிட்டு, பற்றாக்குறையைக் காய்ந்த புல்லால் ஈடுகட்டலாம். ஒவ்வொரு சவாரிக் கட்டணத்திலும் சிறு தொகையை ஒதுக்கினால் புல், கால்நடை மருத்துவர், லாடம் அடிப்பவர் ஆகிய செலவுகளுக்கு உதவும். அந்த வசதி வந்தபிறகும் குதிரையைத் தெருவில் விடுபவருக்குச் சவாரி உரிமத்தை ரத்து செய்வதில் தவறே இல்லை.

பயணிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஏறுவதற்கு முன் ஒரு நிமிடம் பாருங்கள். விலா எலும்பு துருத்திக்கொண்டிருந்தால், முதுகில் புண் இருந்தால், காலைத் தாங்கித் தாங்கி வைத்தால், அந்தக் குதிரையில் சவாரி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏன் வேண்டாம் என்பதையும் உரிமையாளரிடம் சொல்லுங்கள்.