மைதானத்துக்கு மட்டும் மாணவன்

கெவின் றோஸ் நான்கு ஆண்டுகள் பல்கலைக்கழகத்தில் இருந்தார். வெளியேறியபோது அவருடைய மொழியறிவு நான்காம் வகுப்புப் பிள்ளையினுடையதாகவே இருந்தது.

இது கட்டுக்கதையன்று. 1978இல் அமெரிக்காவின் கிறெய்ற்றன் பல்கலைக்கழகம் கூடைப்பந்து ஆடுவதற்காக அவரைச் சேர்த்துக்கொண்டது. நுழைவுப் பரீட்சையில் அவர் பெற்றது 36க்கு 9 புள்ளி. உடன் சேர்ந்தோரின் சராசரியோ 23.2. படிப்புக்கு வேண்டிய உதவியெல்லாம் தருவோம் என்று உறுதி கூறினர். தந்த உதவி என்ன? குறிபார்த்துச் சுடுதல், கூடைப்பந்துக் கோட்பாடு போன்ற பாடங்களை எடுக்கும்படி விளையாட்டுத் துறையினர் ஆலோசனை சொன்னார்கள்! அவருடைய ஒப்படைகளை வாசிக்கவும் எழுதவும் ஒரு செயலாளரை அமர்த்தினார்கள். பட்டத்துக்கு வேண்டிய 128 அலகுகளில் 1982இல் அவரிடம் இருந்தவை 96. பின்னர் சிக்காகோவில் சிறுபிள்ளைகளோடு ஒரே பள்ளியில் அமர்ந்து எழுத்துப் படித்தார். இவை அவர் தொடுத்த வழக்கிலே அவரே சொன்னவை. மோசமாகக் கற்பித்ததற்காக வழக்காட முடியாது, குறித்த வாக்குறுதியை மீறியதற்காக மட்டும் வழக்காடலாம் என்று 1992இல் நீதிமன்றம் கூறியது.

ஒருவருக்கு நேர்ந்த விபத்து என்று இதனைத் தள்ளிவிட விரும்புவோர் வட கரோலைனாவைப் பார்க்கட்டும். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் 1993 முதல் 2011 வரை ஏறத்தாழ 3,100 மாணவர்கள் வகுப்பே நடைபெறாத 'பாடங்களில்' சித்தியெய்தினர் என்று 2014இன் விசாரணை அறிக்கை காட்டிற்று. ஒரு கட்டுரை கொடுத்தாற் போதும். அதற்குப் புள்ளியிட்டவர் பேராசிரியரல்லர், அலுவலக ஊழியர். அம்மாணவரில் ஏறக்குறையப் பாதிப்பேர் விளையாட்டு வீரர்கள். அவர்களை அங்கே அனுப்பியவர்களுள் கல்வி ஆலோசகர்களும் இருந்தனர். 2017இல் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தண்டனை விதிக்கவில்லை. காரணம், அப்பாடங்கள் மற்ற மாணவருக்கும் திறந்திருந்தனவாம். எத்தகைய சமத்துவம்!

ஆலோசகர் தீயவர் என்பதல்ல நமது வாதம். அவருடைய எசமான் யார் என்பதே கேள்வி. விளையாட்டுத் துறையிற் சம்பளம் பெறுபவர், 'சனிக்கிழமை இவன் ஆடலாமா?' என்றுதான் கேட்பார். 'இவனால் ஒரு பத்தியை வாசித்து விளங்கமுடியுமா?' என்று கேட்க அவருக்கு நேரமுமில்லை, ஆணையுமில்லை.

2025இல் ஒரு வழக்கு இணக்கத்தின்பின் கல்லூரிகள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கத் தொடங்கின. உழைத்தவனுக்குக் கூலி, வரவேற்கிறோம். ஆனால் பெருந்தொகை சிலருக்கே. தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்வோரும் மிகச் சிலரே. மற்றவர்களின் கையில் இருக்கப்போவது படிப்புத்தான், அதுவும் உண்மையாகப் படித்திருந்தால்.

முதற்பிரிவுக் கல்லூரியில் ஆடுவதற்கு 16 அடிப்படைப் பாடங்களை உயர்பள்ளியில் முடித்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பிலேயே இதனைச் சொல்ல வசதியுள்ள வீட்டில் ஆளுண்டு. ஏழை வீட்டுப் பிள்ளையோ பன்னிரண்டாம் வகுப்பில், பந்தோடு நிற்கும்போது அறிகிறான். ஆதலால் ஆலோசனை ஒன்பதாம் வகுப்பிலே தொடங்கட்டும். ஆலோசகரை நியமிப்பதும் நீக்குவதும் ஆசிரியர் கையில் இருக்கட்டும், பயிற்றுநர் கையில் அன்று.