வாசலோடு முடிந்துவிடும் அக்கறை

ஒவ்வோர் ஆண்டும் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வந்த சில வாரங்களில் நம் சமூகம் விழித்துக்கொள்ளும். யாருக்கு மெட்ரிகுலேஷன் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை, இவ்வளவு ஏ எடுத்த பிள்ளைக்கு ஏன் மருத்துவம் கொடுக்கவில்லை என்று நாளிதழ்களிலும் வாட்சாப் குழுக்களிலும் கொதிப்போம். 2019இல் மெட்ரிகுலேஷன் இடங்கள் 25,000இலிருந்து 40,000ஆக உயர்ந்தபோது, 90க்கு 10 என்ற விகிதம் மட்டும் அசையாமல் இருந்ததைப் பற்றி எத்தனை அறிக்கைகள்! 2024இல் பத்து ஏ, அதற்கு மேல் எடுத்த எல்லாருக்கும் மெட்ரிகுலேஷனில் இடம் உண்டு என்று பிரதமர் அறிவித்தபோது எத்தனை வரவேற்பு அறிக்கைகள்! இந்தக் கொதிப்பைக் குறை சொல்ல மாட்டேன். நானும் அதற்குள் வளர்ந்தவன்தான்.

என் கேள்வி வேறு. அந்தப் பிள்ளை உள்ளே போன பிறகு என்ன ஆனான் என்று யாராவது கேட்டிருக்கிறோமா? எத்தனை பேர் நுழைந்தார்கள் என்று எண்ணுகிறோம். எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே வந்தார்கள் என்று எண்ணுவதில்லை. நம் கல்வி அரசியல் பல்கலைக்கழகத்தின் வாசல் வரைக்கும் ஊர்வலம் போய், அங்கே படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறது.

முதலாண்டில் என் பக்கத்து அறையில் இருந்தவன் பேராக்கில் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவன். தமிழ்ப்பள்ளி, இடைநிலைப்பள்ளி, எஸ்.டி.பி.எம்., பிறகு பொறியியல். இரண்டாம் செமஸ்டரில் அவனுடைய அப்பா லோரியிலிருந்து விழுந்து வேலைக்குப் போக முடியாமல் போனார். இவன் பி.தி.பி.தி.என். கடன் பணத்தில் பாதியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, இரவில் மாமாக் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். காலை எட்டு மணி வகுப்புக்கு வருவது குறைந்தது. பிறகு எந்த வகுப்புக்குமே வருவதில்லை. அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு படுத்திருப்பான். விரிவுரையாளர் ஒருவர் அக்கறைப்பட்டு, மாணவர் ஆலோசனை மையத்துக்குப் போகச் சொன்னார். போனான். அரை மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டான்.

“என்னடா ஆச்சு?”

“ஒரு ஃபாரம் குடுத்தாங்க. மலாய்ல. எல்லாத்துக்கும் சைபர் போட்டுட்டு வந்துட்டேன்.”

“புரியலையா?”

“எல்லாம் புரிஞ்சுச்சு. எது சரியான பதில்னும் தெரிஞ்சுச்சு. அதத்தான் போட்டேன்.”

அந்தப் படிவம் அனேகமாக டாஸ்-21 ஆக இருக்க வேண்டும். நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பரவலாகப் பயன்படுத்துவது அதைத்தான். மனச்சோர்வு, பதற்றம், மனஅழுத்தம் மூன்றுக்கும் தலா ஏழு கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் சைபரிலிருந்து மூன்று வரை மதிப்பெண். அதில் குறை ஒன்றுமில்லை. ஆனால் பதினொரு ஆண்டுகளுக்கு மேலாக மலாய் மொழியைத் தேர்வு மொழியாக மட்டுமே சந்தித்த ஒரு பையனிடம் அதை நீட்டினால், அவன் அதையும் ஒரு தேர்வாகத்தான் எழுதுவான். நல்ல மாணவன் என்பதால் முழு மதிப்பெண் எடுத்துவிட்டான். அதாவது, ‘எனக்கு ஒன்றுமில்லை.’

இப்போது நான் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு மீட்டர் எந்நேரமும் சைபரையே காட்டினால், எல்லாம் நன்றாக ஓடுகிறது என்று யாரும் சந்தோஷப்பட மாட்டோம். முதலில் மீட்டரைத்தான் சந்தேகிப்போம். இருபத்தொரு கேள்விக்கும் சைபர் போட்டவனை ஒரு மையம் ‘சரி, போகலாம்’ என்று அனுப்பிவைத்தது என்றால், அங்கே அவன் பேசுவதை அளக்க எந்தக் கருவியும் இல்லை என்று அர்த்தம். அவனோடு தமிழில் இரண்டு வார்த்தை பேச ஓர் ஆளும் இல்லை. “அப்பா எப்படி இருக்காரு?” என்று ஒருவர் கேட்டிருந்தால் அவன் அங்கேயே உடைந்திருப்பான் என்று நான் நம்புகிறேன். மூன்றாம் செமஸ்டரில் அவன் படிப்பை விட்டான். இன்றைக்கு அவனும் லோரி ஓட்டுகிறான். பட்டம் வரவில்லை, கடன் மட்டும் வந்தது.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். எனக்குத் தெரியும், நண்பர்களே சொல்லியிருக்கிறார்கள். “எஸ்.பி.எம். மலாயில் ஏ வாங்கினவனுக்கு எதுக்குத் தமிழ் ஆலோசகர்? அப்புறம் ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு கவுண்டர் திறக்கணுமா? இது பிரிவினை இல்லையா?”

மலாய் நம் எல்லாருடைய மொழி. அதில் பாடம் படிக்கிறேன், சண்டை போடுகிறேன், நாசி லெமாக் வாங்குகிறேன். ஆனால் வெட்கத்தைச் சொல்ல ஒரு மொழி வேண்டும். அம்மாவிடம் மறைத்ததைச் சொல்வதற்கு, அம்மாவிடம் பேசும் மொழிதான் பலருக்கு முதலில் வரும். இது தமிழனுக்கு மட்டும் உரிய சலுகை இல்லை. சரவாக்கின் நீண்ட வீட்டிலிருந்து வரும் இபான் மாணவிக்கும், பகாங்கிலிருந்து வரும் ஓராங் அஸ்லி மாணவனுக்கும் இதே நிலைதான். பிரிவினை என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று: வளாகத்தில் சூராவ் இருக்கிறது, ஹலால் உணவு இருக்கிறது, நோன்பு மாதத்தில் வகுப்பு நேரத்தைக்கூட மாற்றிக்கொள்கிறார்கள். இதெல்லாம் இருக்க வேண்டியவை. இதைப் பிரிவினை என்று யாரும் சொல்வதில்லை, சொல்லவும் கூடாது. தேவை என்று ஒத்துக்கொண்டால் நிர்வாகத்துக்கு வழி தெரிகிறது என்பதற்கு இவை நல்ல சான்று. நம் தேவையை இன்னும் யாரும் தேவையாக ஒத்துக்கொள்ளவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

ஆள் கிடைக்காது என்பதும் சாக்குதான். 1998ஆம் ஆண்டின் ஆலோசகர் சட்டப்படி ஆலோசகர்கள் பதிவு பெற்றே தொழில் செய்ய வேண்டும். ஆகவே பதிவேடு என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வளாகத்துக்கும் ஒரு முழுநேரத் தமிழ் ஆலோசகர் வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. நான்கைந்து பல்கலைக்கழகங்கள் சேர்ந்து ஒருவரைப் பகிர்ந்துகொள்ளலாம். கோவிட் காலத்தில் பட்டமளிப்பு விழாவையே திரையில் நடத்தினார்கள். ஒரு மணி நேர உரையாடலை நடத்த முடியாதா?

அடுத்தது விடுதி. வெளியாளுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். முதலாண்டில் பெரும்பாலும் அறை கிடைத்துவிடும். அதற்குப் பிறகு பல இடங்களில் மெரிட் புள்ளி இருந்தால்தான் அறை. விளையாட்டு, முகாம், கலைநிகழ்ச்சி, நாற்காலி தூக்குவது, எல்லாவற்றுக்கும் புள்ளி உண்டு. இரவு வேலைக்குப் போய் வீட்டுக்குப் பணம் அனுப்புகிறவனுக்கு எந்தப் புள்ளியும் கிடையாது. அதனால் அவனுக்கு அடுத்த ஆண்டு அறை கிடைக்காது. வெளியே வாடகைக்குப் போவான். வாடகைக்காக இன்னும் இரண்டு இரவு கூடுதலாக வேலை செய்வான். மோட்டாருக்கு எண்ணெய், மோட்டார் பழுது. வகுப்பு போகும். விடுதி யாருக்கு மிகவும் தேவையோ அவனைத்தான் இந்த ஏற்பாடு முதலில் வெளியே தள்ளுகிறது. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. சுறுசுறுப்பான மாணவர்களை ஊக்குவிக்கத்தான் செய்தார்கள். ஆனால் சுறுசுறுப்பு என்பது வயிறு நிறைந்தவனுக்குத்தான் சுலபம் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

இதுவரை நிர்வாகத்தைத் திட்டினேன். இது சுகமான பகுதி. இனி நம்மைப் பற்றி.

இந்திய மாணவர் அமைப்புகள் இல்லாத பொதுப் பல்கலைக்கழகம் அரிது. நானும் ஒன்றில் செயலவையில் இருந்தேன். ஆண்டின் பெரும்பகுதி எங்களுக்கு ஒரே வேலை: கலை இரவு. கெர்த்தாஸ் கெர்ஜா எழுதி மாணவர் விவகாரப் பிரிவில் கொடுப்பது, திருத்தச் சொல்லித் திரும்பி வருவது, மறுபடியும் கொடுப்பது. பிறகு ஆதரவாளர்களைத் தேடி அலைவது. டி-சட்டை, எல்.ஈ.டி. திரை, ஒலியமைப்பு, சிறப்பு விருந்தினர். நடனம் ஒன்பது என்றால் அதில் ஏழு சினிமாப் பாட்டு. துணைவேந்தர் வேட்டியில் வந்து குத்துவிளக்கு ஏற்றுவார். மறுநாள் பல்கலைக்கழக முகநூலில் அந்தப் படம் வரும். ‘பன்முகத்தன்மையைக் கொண்டாடுகிறோம்.’ நிர்வாகத்துக்கு ஒரு படம் கிடைத்தது, நமக்கு ஓர் இரவு கிடைத்தது. இரண்டு தரப்புக்கும் கணக்கு சரி.

அந்த ஆண்டு ஒரு கூட்டத்தில், ஓர் அக்கா ஒரு யோசனை சொன்னார். கலை இரவுச் செலவில் இரண்டாயிரம் ரிங்கிட் குறைத்து, அவசர உதவிக்கு வைக்கலாம் என்றார். கடன் பணம் தாமதமாகிற மாதங்களில் ஜூனியர்கள் மேகியைத் தின்றே ஓட்டுகிறார்கள், ஆளுக்கு ஐம்பது, நூறு கொடுத்தால்கூடப் போதும் என்றார். எங்களிடம் பதில் தயாராக இருந்தது: 1971ஆம் ஆண்டின் பல்கலைக்கழகச் சட்டம் மாணவர்கள் பணத்தைக் கையாள விடாது, சிக்கல் வரும். அதே சட்டம் இருந்த காலத்தில்தான் எல்.ஈ.டி. திரைக்குப் பணம் திரட்டினோம். அதற்கு வழி தெரிந்தது. வாக்கெடுப்பு நடந்தது. வேண்டாம் என்று கை தூக்கியவர்களில் நானும் ஒருவன். பக்கத்து அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஒருவன் படுத்திருக்கிறான் என்று தெரிந்தே தூக்கினேன். இன்றைக்கு அந்தத் திரையில் என்ன ஓடியது என்றுகூட எனக்கு ஞாபகம் இல்லை.

உண்மையைச் சொன்னால், வளாகத்தில் தமிழ் மாணவனுக்கு இருக்கும் ஒரே ஆதரவுச் சேவை சீனியர்தான். முதல் வாரம் நம்மை வரிசையில் நிற்க வைத்து எல்லார் பெயரையும் மனப்பாடம் செய்யச் சொல்லி மிரட்டிய அதே அண்ணன்தான், ஆறாவது வாரம் மோட்டார் சாவியைக் கொடுத்து “கிளினிக்குப் போயிட்டு வா” என்பார். பழைய வினாத்தாளைக் கொடுப்பதும் அவர்தான், ஐம்பது ரிங்கிட் கடன் கொடுப்பதும் அவர்தான். இதை நாம் ‘குடும்பம்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் குடும்பத்தில் யாரைப் பிடிக்கவில்லையோ அவனுக்குச் சோறு கிடைக்காது. சீனியரிடம் சலாம் போடாதவன், குடிக்க வராதவன், ஒதுங்கியே இருப்பவன், சீனியர் அண்ணனைப் பார்த்தாலே பயப்படுகிற பெண், இவர்களுக்கு யார்? தயவு உதவி ஆகாது. உதவி என்றால், கொடுப்பவருக்கு நம்மைப் பிடிக்கவில்லை என்றாலும் கிடைக்க வேண்டும்.

மாணவர்களால் கனமான வேலை செய்ய முடியாது என்று சொல்லாதீர்கள். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை மாணவர்கள்தான் ‘பேரவைக் கதைகள்’ சிறுகதைப் போட்டியை நடத்தி, தொகுப்பாகவும் கொண்டுவந்தார்கள். இந்த நாட்டில் கதை எழுதும் பலர் அந்தப் பக்கங்கள் வழியாக வந்தவர்கள். கெர்த்தாஸ் கெர்ஜா எழுதி, பணம் திரட்டி, வருடா வருடம் ஒரு வேலையை அடுத்த அணிக்குக் கைமாற்றத் தெரிந்தவர்களுக்கு, ஓர் அவசர நிதியைக் கைமாற்றத் தெரியாதா? மாணவர்கள் நிதியைக் கையாள்வதில் சட்டமும் அண்மைக் காலத்தில் தளர்ந்திருக்கிறது. இனி அந்தச் சாக்கும் இல்லை.

ஆகவே, கேட்க வேண்டியவை இவை. ஒன்று: நுழைந்தவர்கள் எத்தனை, பாதியில் விட்டவர்கள் எத்தனை, எந்தச் செமஸ்டரில் விட்டார்கள் என்பதைப் பொதுப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மெட்ரிகுலேஷன் இடத்துக்காக அறிக்கை விடும் அரசியல்வாதிகளும் இயக்கங்களும் இந்த எண்ணையும் கேட்கட்டும். இரண்டு: ஆலோசனை மையத்தின் கதவில், எந்தெந்த மொழியில் பேசலாம் என்று எழுதி வைக்க வேண்டும், எழுதிய மொழிக்கு ஆள் இருக்க வேண்டும். மூன்று: குடும்பத்துக்காக வேலை செய்யும் மாணவனுக்கு அந்த வேலையையே மெரிட்டாகக் கணக்கிட வேண்டும். நான்கு: இந்திய மாணவர் அமைப்புகள் தங்கள் ஆண்டுச் செலவில் பத்தில் ஒரு பங்கை உதவிக்கு ஒதுக்க வேண்டும், விண்ணப்பிப்பவரின் பெயர் செயலவைக்கே தெரியாத மாதிரி ஒரு விரிவுரையாளர் வழியாகக் கொடுக்க வேண்டும்.

நான்காவதற்கு யாரிடமும் அனுமதிக் கடிதம் வாங்கி மாதக்கணக்கில் காத்திருக்கத் தேவையில்லை. இதை வாசிப்பவர்களில் சிலர் இப்போது ஏதோ ஒரு வளாகத்தில், ஏதோ ஒரு செயலவையில் இருப்பீர்கள். அடுத்த கூட்டத்தில் யாராவது ஓர் அக்கா அந்த யோசனையைச் சொல்வார். யாரும் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள். வாக்கெடுப்பு வரும்போது மட்டும், என்னை மாதிரி கையைத் தூக்காதீர்கள்.