குதிரையின் பெயரால் பிறனுடைய பணம்



சீட்டாட்டத்தையும் லாட்டரியையும் பாவம் என்று தயங்காமல் சொல்லுகிற விசுவாசிகள் சிலர், குதிரைப் பந்தயம் என்றவுடன் குரலை மாற்றிக்கொள்ளுகிறார்கள். "ஐயா, அது அதிர்ஷ்டம் அல்ல, அறிவு. உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதே" என்கிறார்கள். அந்த அறிவுக்குச் சாட்சியாக அவர்கள் காட்டுவது பந்தய நாளுக்கு முன் வெளியாகும் முன்னோட்டப் பக்கத்தை. எந்தப் பந்தயத்தில் எந்தக் குதிரை வெல்லும், எது இரண்டாவது வரும், அன்றைய நாளின் சிறந்த குதிரை எது என்றெல்லாம் கணித்துச் சொல்லும் பக்கம் அது. இந்த வாரம் அதையே நம் தியானத்துக்கு எடுத்துக்கொள்ளுவோம்.

முதலில் தீர்ப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாடு அரசு 1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. 1986-இல் சென்னை ரேஸ் கிளப்பையே எடுத்துக்கொள்ள மற்றொரு சட்டம் இயற்றியது. டாக்டர் கே. ஆர். லட்சுமணன் தொடுத்த வழக்கில் 1996 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்றும், சூதாட்டச் சட்டங்களின் பொருளில் அது சூதாட்டம் ஆகாது என்றும் கூறிற்று. 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் செல்லாதென்று தீர்ந்தது. அந்தத் தீர்ப்போடு நான் வழக்காட வரவில்லை. அதை முழுவதும் ஒப்புக்கொண்டே பேசுகிறேன். ஒப்புக்கொள்ளுவதால் நம்முடைய நிலைமை சீர்ப்படுவதில்லை, இன்னும் மோசமாகிறது என்பதுதான் என் வழக்கு.

நல்ல முன்னோட்டம் எழுதுகிறவரை நான் ஏளனம் செய்யமாட்டேன். அவர் செய்கிற வேலை கடினமானது. ஒரு குதிரை கடைசியாக ஓடிய நான்கைந்து ஓட்டங்களை எடுத்துவைத்துக்கொண்டு, எத்தனை மீட்டர் தூரத்தில், எவ்வளவு எடையைச் சுமந்து, எந்த ஜாக்கியோடு, ஈரத்தரையிலா காய்ந்த தரையிலா ஓடிற்று என்று பார்க்கிறார். 1200 மீட்டரில் மின்னலாய்ப் பாய்கிற குதிரை 1600 மீட்டரில் கடைசித் திருப்பத்துக்குப் பின் மூச்சுவாங்கும் என்பது அவருக்குத் தெரியும். விடியற்காலையில் லாயத்திலிருந்து குதிரைகளைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கையில் எடுக்கும் நேரக் குறிப்புகளை அவர் ஒப்பிடுகிறார். பயிற்சியாளர் தம் வழக்கமான ஜாக்கியை மாற்றி வேறொருவரை ஏற்றினால் அதற்கு ஒரு காரணம் இருக்கும் என்று ஊகிக்கிறார். தொடக்கவாயிலில் கிடைத்த எண் உள்வட்டத்திலா வெளிவட்டத்திலா என்பதும் கணக்கில் சேருகிறது. நம்மில் பலர் ஓய்வுநாள் பாடத்துக்குக்கூட இவ்வளவு ஆயத்தம் செய்வதில்லை. (இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன்.)

ஆனால் அவர் தம் வாசகருக்குச் சொல்லாமல் விடுகிற காரியங்கள் இரண்டு.

பெரும்பாலான பந்தயங்கள் ஹேண்டிகேப் முறையில் நடக்கின்றன. சிறந்த குதிரைக்கு அதிக எடை, எளிய குதிரைக்குக் குறைந்த எடை. ஒன்று 60 கிலோவைச் சுமந்து ஓடுகையில் மற்றொன்று 50 கிலோவோடு ஓடும். இதற்கென்றே கிளப்பில் ஓர் அதிகாரி அமர்த்தப்பட்டிருக்கிறார். எல்லாக் குதிரைகளும் ஒரே நேரத்தில் எல்லைக்கோட்டைத் தொடும்படி எடையைப் பகிர்வதே அவர் இலட்சியம். அதாவது, யார் வெல்லுவார் என்று ஒருவரும் முன்னுணரக் கூடாதபடி தேர்ந்த ஒருவர் உழைத்து வைத்ததை, முன்னோட்டக்காரர் முன்னுணர்ந்து சொல்லுவதாக வாக்குக் கொடுக்கிறார். அதிகப் பணம் கட்டப்பட்ட குதிரை ஏறத்தாழ மூன்று பந்தயங்களில் ஒன்றில்தான் வெல்லும் என்பது உலகெங்கும் பந்தய வட்டாரங்களில் நெடுங்காலமாக அறியப்பட்ட விகிதம். ஜாக்பாட்டுக்குத் தொடர்ந்து ஐந்து பந்தயங்களின் வெற்றிக் குதிரைகளைச் சொல்ல வேண்டும். மூன்றில் ஒன்று என்ற விகிதத்தில் ஐந்தும் சரியாய் அமைய 243-இல் ஒரு வாய்ப்பு.

இரண்டாவது காரியம் இதைவிடப் பெரியது. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ஜோசப் ஓலர் என்பவர் வகுத்த முறையில்தான் இன்றும் டோட் இயங்குகிறது. கட்டப்பட்ட பணம் எல்லாம் ஒரே குவியலாய்ச் சேரும். அதிலிருந்து கிளப்பின் பங்கும் அரசின் வரியும் கழியும். மீதி வென்றவர்களுக்குப் பிரியும். பேச்சுக்கு, நூறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் கட்டுகிறார்கள். குவியல் 10,000. கால் பங்கு கழிகிறது என்று வைப்போம். குதிரைப் பந்தயப் பணயத்தின்மேல் சரக்கு சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம் ஆகிவிட்ட நிலையில், கால் பங்கு என்பது தாராளமான கணக்கு. மீதி 7,500. வென்ற குதிரையின் மேல் இருபது பேர் கட்டியிருந்தால் ஆளுக்கு 375 ரூபாய். முன்னோட்டத்தை நம்பி அறுபது பேர் அதே குதிரையின் மேல் கட்டியிருந்தால் ஆளுக்கு 125 ரூபாய்தான். அந்தக் குதிரை பத்தில் எட்டு முறை வென்றால்தான் போட்ட முதலாவது தேறும். முன்னோட்டம் எவ்வளவுக்கு நம்பப்படுகிறதோ அவ்வளவுக்கு அதன் பயன் தேய்கிறது. எல்லாரும் அறிந்த அறிவுக்கு அந்தச் சந்தையில் விலை இல்லை.

இப்பொழுது அந்தக் குவியலைச் சற்று உற்றுப்பாருங்கள். வென்றவனுக்குக் கிடைத்த 375 ரூபாயில் அவனுடையது 100. மீதி 275 ரூபாய் எங்கிருந்து வந்தது? குதிரை சம்பாதித்துக் கொடுக்கவில்லை. கிளப் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கவில்லை. அவனுக்கு முன்னும் பின்னும் அதே வரிசையில் நின்றவர்களின் சட்டைப்பையிலிருந்து வந்தது. ஒருவர் ஆட்டோ ஓட்டுகிறவர், ஒருவர் ஓய்வூதியத்தை முந்தின நாள் வாங்கியவர், ஒருவர் மகளின் கல்லூரிக் கட்டணத்தில் பாதியை எடுத்துவந்தவர். பந்தயத் திடலுக்குப் போனவர்களின் வீடுகளுக்கு ஜெபிக்கப் போகிற எந்த ஊழியருக்கும் இந்த வரிசை அறிமுகமானதே.

திறமை என்கிற வாதத்தை இங்கே கொண்டுவந்து வையுங்கள். லாட்டரி வாங்குகிற இருவரும் ஒரே அளவு அறியாதவர்கள். ஒருவன் மற்றவனை வஞ்சித்தான் என்று சொல்ல முடியாது. குதிரைப் பந்தயம் திறமை என்றால், அறிந்தவன் அறியாதவனிடமிருந்து எடுக்கிறான் என்பதே அதன் பொருள். அந்த ஆட்டோக்காரருக்கு ஜாக்கி மாறியது தெரியாது, உங்களுக்குத் தெரியும். அவருக்குத் தெரியாதது உங்களுக்கு இலாபம். பிறனை நம்மைப்போல் நேசிக்கக் கற்பிக்கப்பட்ட நாம், அவனுடைய அறியாமையைத் தேடிப்பார்த்து அதன்மேல் பணம் கட்டுகிறோம். சட்டத்தின்முன் குற்றமில்லை என்று காட்டுவதற்கு எடுத்த அதே சொல், பத்தாம் கற்பனையின்முன் நம்மைக் குற்றவாளியாக நிறுத்துகிறது. இச்சிக்காதிருப்பாயாக என்று தடுக்கப்பட்டது பிறனுக்கு உரியதையே அல்லவா?

"பங்குச் சந்தையும் அப்படித்தானே?" என்று சிலர் கேட்பார்கள். ஒரு நிறுவனத்தின் பங்கை வாங்கி வைத்திருக்கிறவனுக்கு, அந்த நிறுவனம் உண்டாக்குகிற பொருளிலும் உழைப்பிலும் ஒரு பாகம் உண்டு. டோட்டின் குவியல் எதையும் உண்டாக்குவதில்லை. உள்ளே வந்ததைக்காட்டிலும் குறைவாகவே வெளியே போகிறது. எதையும் உண்டாக்காமல் ஒரே நாளில் ஒருவன் பையிலிருந்து மற்றவன் பைக்குப் பணம் மாறுகிற வியாபாரம் பங்குச் சந்தையிலும் உண்டென்றால், அதற்கும் இதே பதில்தான்.

முன்னோட்டப் பக்கத்தின் மொழியையும் கவனியுங்கள். "இன்றைய நிச்சயம்", "தவறவே தவறாது", "கண்ணை மூடிக்கொண்டு கட்டலாம்". இவை கணிப்பின் சொற்கள் அல்ல, குறிசொல்லுகிறவனின் சொற்கள். ஓட்டத்தில் வேகமுள்ளவன்தான் முந்துவான் என்பதற்குச் சூரியனுக்குக் கீழே உறுதி கிடையாது என்று பிரசங்கி தம் ஒன்பதாம் அதிகாரத்தில் கண்டறிந்து எழுதினார். அவர் காலத்திலேயே தெரிந்திருந்த இந்த உண்மைக்கு எதிராகத்தான் அந்தப் பக்கம் வாராவாரம் எழுதப்படுகிறது. மறுவாரம் அதே இடத்தில், சென்ற வாரம் தவறிய கணிப்புகளின் பட்டியலை நீங்கள் கண்டதுண்டா? பலித்த ஒன்றைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். பலிக்காத ஆறும் பழைய காகிதக் கடைக்குப் போய்விடும். தம் கணிப்புகளின் முழு ஆண்டுக் கணக்கையும், ஒவ்வொன்றின்மேலும் 100 ரூபாய் கட்டியிருந்தால் டிசம்பரில் மிஞ்சியது எவ்வளவு என்பதையும் முன்னோட்டக்காரர் ஒருமுறை அச்சிடட்டும். அதற்குப் பிறகு அறிவைப்பற்றிப் பேசலாம்.

திருவள்ளுவர் சூது என்ற அதிகாரத்தின் முதற்குறளிலேயே தோல்வியைக் காட்டிப் பயமுறுத்தவில்லை. வெற்றியையே மீன் விழுங்கிய தூண்டிலாகக் காட்டினார். பலித்த அந்த ஒரு கணிப்புதான் தூண்டில். தோற்றுக்கொண்டேயிருந்தால் எவனும் மூன்றாவது வாரம் போகமாட்டான். ஒருநாள் 100-க்கு 1,500 வந்தது என்ற ஞாபகமே பதினைந்து வருடம் ஒருவனை நடத்திச் செல்லுகிறது. அவன் மனைவியிடம் கேட்டுப்பாருங்கள். அந்த ஒருநாளைப்பற்றி அவளும் நன்றாய் அறிவாள், நூறுமுறை கேட்டிருக்கிறாள்.

குதிரையின்மேல் நமக்குக் கோபம் இல்லை. யோபின் புத்தகம் 39-ஆம் அதிகாரத்தில், யுத்தத்தை மோப்பம்பிடித்துத் தரையைத் துவைக்கிற குதிரையை ஆண்டவரே வர்ணிக்கிறார். அந்த அழகைக் காண்பதற்காகமட்டும் ஒருவன் திடலுக்குப் போனால் அவனோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் பணயம் கட்டும் சாளரங்களை மூடிவிட்டுப் பந்தயத்தை மாத்திரம் நடத்தினால் எத்தனைபேர் வருவார்கள் என்பது உங்களுக்கும் தெரியும்.

குத்தகைப் பாக்கியைக் காரணம் காட்டி 2024-இல் உதகையிலும் கிண்டியிலும் பந்தய நிலங்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள அரசு இறங்கியபோது, "காரியம் முடிந்தது" என்று மகிழ்ந்தவர்கள் உண்டு. நான் அவ்வளவு மகிழவில்லை. பெங்களூரிலும் ஹைதராபாத்திலும் மும்பையிலும் குதிரைகள் ஓடுகின்றன. முன்னோட்டத்துக்கு நிலம் தேவையில்லை, ஒரு கைப்பேசி போதும். முன்பு திடலின் வாசலில் நின்றவனையாவது தெரிந்தவர் யாரேனும் கண்டு வெட்கப்படுத்த முடிந்தது. இன்று ஆராதனையின் நடுவில், வேதாகமச் செயலியைத் திறந்த அதே திரையில் அவன் அடுத்த பந்தயத்தைப் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. வென்ற நாளில் தசமபாகத்தைத் தவறாமல் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். அதைச் சபையில் வாங்கக் கூடாது என்பது என் தீர்மானம். பணம் அழுக்கானது என்பதற்காக அல்ல, அது இன்னொருவருடையது என்பதற்காக. சகேயு தான் அநியாயமாய் வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பிக்கொடுக்க முன்வந்தபோது, யாரிடம் வாங்கினோம் என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. எரிகோவின் தெருக்களில் அந்த வீடுகளைத் தேடிப்போக அவனால் முடியும். டோட்டில் வென்றவனுக்கு அந்த வசதியும் இல்லை. தனக்கு வந்த 275 ரூபாய் யாருடைய பையிலிருந்து வந்தது என்று அவன் ஒருபோதும் அறியப்போவதில்லை. அந்த மனிதர் அன்று மாலை எந்தப் பேருந்தில் ஏறி எந்த வீட்டுக்குப் போனார் என்பதும் அவனுக்குத் தெரியாது.