இறந்தவர் சொல்லும் சாட்சி: மீனாட்சிபுரம் தலைமுறையின் மறைவை முன்வைத்து

1981 பிப்ரவரி 19 அன்று, அப்போதைய நெல்லை மாவட்டத்தில் தென்காசிக்கு அருகே மலையடிவாரத்தில் இருக்கும் மீனாட்சிபுரத்தில், பள்ளர் சமூகத்தைச் சேர்ந்த தலித் மக்கள் கூட்டாக இஸ்லாத்தைத் தழுவினர். சுமார் 180 குடும்பங்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் எண்ணிக்கை. அன்று முப்பது வயதில் இருந்தவர் இன்று எழுபதைக் கடந்திருப்பார். ஐம்பதில் இருந்தவர் பெரும்பாலும் மண்ணுக்குள் இருப்பார். முடிவெடுத்த தலைமுறை ஒருவர் பின் ஒருவராக விடைபெற்றுக் கொண்டிருக்கிறது. குற்றாலத்தில் சீசன் தொடங்கியதா, ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறதா என்பதை ஆண்டுதோறும் தவறாமல் சொல்லும் நாளேடுகளில் இம்மரணங்களுக்கு இடமில்லை. அது நமக்கு வியப்பளிப்பதும் இல்லை. நம்முடைய இயக்க ஏடுகளிலும் அவர்களுக்கு இடம் இல்லாமற் போனதைத்தான் இங்கே பேச வேண்டியிருக்கிறது.

உயிரோடிருந்தபோது அவர்களைப் பற்றி எழுதப்பட்டது கொஞ்சமல்ல. ஒன்றிய அமைச்சர் தொடங்கி வாஜ்பாய் வரை அந்தக் குக்கிராமத்திற்கு வந்து போனார்கள். விசுவ இந்து பரிசத்தின் வளர்ச்சியில் இந்நிகழ்வு ஒரு திருப்புமுனை என்று ஆய்வாளர்கள் எழுதினர். 2002-இல் தமிழகத்தில் கொண்டுவரப்பட்டு, 2004 நாடாளுமன்றத் தேர்தல் தோல்விக்குப் பின் கைவிடப்பட்ட கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்துக்கான விவாதத்திலும் இவ்வூரின் பெயர் அடிபட்டது. எண்ணெய் வள நாடுகளின் பணம் என்றனர் ஒரு சாரார். தேநீர்க் கடையின் தனிக் குவளையும், பொது இடங்களில் நேர்ந்த இழிவும், அதற்கு முன்பு நடந்த கொலை வழக்கொன்றை ஒட்டி தலித் குடியிருப்பின் மீது காவல்துறை ஏவிய அடக்குமுறையுமே காரணம் என்று ஊருக்குள் சென்று விசாரித்தவர்கள் பதிவு செய்தனர். அப்துல் மாலிக் முஜாஹித் 1989-இல் வெளியிட்ட ஆங்கில நூல், இம்மதமாற்றத்தைத் தீண்டப்படாதோரின் எதிர்ப்பு உத்தியாகவே வாசித்தது.

ஆனால் இவ்வளவு பக்கங்களிலும் அம்மக்கள் எண்ணிக்கையாகவும், காரணத்துக்கான எடுத்துக்காட்டாகவும் மட்டுமே நிற்கிறார்கள். எதிர்த்தவர்களுக்கு அவர்கள் விலைபோனவர்கள்; ஆதரித்தவர்களுக்கு ஒரு வாதம். அந்த முடிவுக்கு முந்திய இரவில் கணவனும் மனைவியும் என்ன பேசிக்கொண்டார்கள், எந்தக் கிழவி கடைசி வரை மறுத்தாள், குலதெய்வக் கோயிலின் பீடத்தை யார் பார்த்துக்கொண்டார்கள், மாறிய பின் வயலுக்குக் கூலிக்கு அழைத்தவர்கள் எந்தப் பெயரைச் சொல்லி அழைத்தார்கள் என்பதெல்லாம் அவர்களோடு போய்க்கொண்டிருக்கின்றன. இவற்றைக் குறித்து வைப்பது நெகிழ்ச்சிக்கான வேலை என்று எண்ணுவோர் நம்மில் உண்டு. சட்டக் கண்ணோட்டத்தில் பார்த்தால் இது வேறு வகையான வேலை.

சாட்சியச் சட்டத்தின் பொது விதி, கேள்விப்பட்டதைச் சாட்சியாக ஏற்காது. நேரில் கண்டவர் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணைக்கு உட்பட வேண்டும். இதற்கு 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் 32ஆம் பிரிவு சில விலக்குகளை வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தில் அது 26ஆம் பிரிவு. மரண வாக்குமூலம் என்று எல்லாரும் அறிந்தது அவற்றில் ஒன்று மட்டுமே. பொது உரிமை, வழக்காறு பற்றி அதை அறிந்திருக்கக்கூடிய ஒருவர் சொல்லிச் சென்ற கருத்தும், இரத்த உறவு, திருமண உறவு பற்றிச் சொல்லிச் சென்ற கூற்றும் அவர் இறந்த பின் ஏற்கத்தக்க சாட்சியமாகும். நிபந்தனை ஒன்று உண்டு: தகராறு எழுவதற்கு முன்பே அவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

1872ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குத் தரும் எடுத்துக்காட்டு நம் ஊர்களுக்கென்றே எழுதியது போல இருக்கிறது. ஒரு பாதை பொதுப்பாதையா என்பது கேள்வி. அது பொதுப்பாதைதான் என்று இறந்துபோன ஊர்த்தலைவர் சொல்லியிருந்தால் அது தொடர்புடைய பொருண்மை. ஊர்த்தலைவர் என்றால் 1872-இல் யாராக இருந்திருப்பார் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆயினும் பிரிவின் வாசகம் தலைவர் என்று கட்டுப்படுத்தவில்லை. அந்த உரிமை இருந்திருந்தால் அதை அறிந்திருக்கக்கூடிய எவரும் போதும். அந்தப் பாதையில் விறகு சுமந்து நடந்த சேரிப் பாட்டியும் சட்டத்தின் முன் தகுதியுள்ள சாட்சிதான். அவர் சொன்னதை யாரும் எழுதி வைக்கவில்லை என்பதுதான் குறை.

திருநாள்கொண்டசேரியை நினைத்துப் பாருங்கள். அன்றைய நாகை மாவட்டத்தின் அந்த ஊரில் 2016 ஜனவரியில், நூறு வயதை எட்டிய தலித் முதியவர் ஒருவர் இறந்தார். உடலைப் பொதுச் சாலை வழியாகக் கொண்டு செல்லச் சாதி இந்துக்கள் மறுத்தனர். சென்னை உயர்நீதிமன்றம் பொதுப்பாதையில் கொண்டு செல்லப் பாதுகாப்பு தருமாறு உத்தரவிட்டது. உத்தரவுக்குப் பிறகு நடந்தது என்ன? காவல்துறையே உடலைக் கைப்பற்றி, மாற்று வழியில் எடுத்துச் சென்று புதைத்தது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே, பாதை மறுக்கப்பட்டதால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினர். அந்தக் காணொளியை நாடே பார்த்தது. உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது.

இத்தகைய வழக்குகளில் எதிர்த்தரப்பின் முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: அது பாதையே அல்ல, பட்டா நிலம், இவர்கள் எந்நாளும் அவ்வழியே போனதில்லை. நாம் அ-பதிவேட்டையும் புலப்படத்தையும் தேடி ஓடுகிறோம். வருவாய் ஆவணத்தில் கோடு இருந்தால் பிழைத்தோம். இல்லாதபோது, ஐம்பது ஆண்டு நினைவுடைய ஒருவரின் சொல்தான் மிச்சம். அந்த ஒருவர் பெரும்பாலும் அன்று பாடையில் கிடப்பவராக இருக்கிறார். தன் கடைசிப் பயணத்தின் பாதையைப் பற்றிய சிறந்த சாட்சி அவரே. மூன்று மாதம் முன்னால் ஒரு மாணவர் அவரிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் அச்சொல் நீதிமன்றத்தில் நின்றிருக்கும்.

குற்றவியல் பாதுகாப்பு ஏட்டளவில் வலுவாகவே இருக்கிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(இசட்.ஏ) பிரிவு, இடுகாடு, சுடுகாடு, பாதை ஆகியவற்றைப் பிறருக்குச் சமமாகப் பயன்படுத்துவதைத் தடுப்பதைக் குற்றமாக்குகிறது. ஆனால் அச்சட்டம் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு மட்டுமே உரியது. இங்கேதான் மீனாட்சிபுரத்தின் சிக்கல் தொடங்குகிறது.

1950ஆம் ஆண்டு அரசமைப்பு (பட்டியல் சாதிகள்) ஆணையின் மூன்றாம் பத்தி இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர். முஸ்லிம்களும் கிறித்தவர்களும் இன்றுவரை வெளியே. ஆக, 1981 பிப்ரவரி 18 அன்று பட்டியல் சாதியினராக இருந்தவர்கள், மறுநாள் சட்டத்தின் கண்ணில் அவ்வாறில்லை. பக்கத்துத் தெருக்காரரின் கண்ணில் ஏதேனும் மாறியதா என்று சட்டம் கேட்கவில்லை. தென்காசி மாவட்டத்தில்தான் 2022 செப்டம்பரில், சங்கரன்கோவில் பகுதியின் பாஞ்சாகுளத்தில், ஊர்க் கட்டுப்பாடு என்று சொல்லித் தலித் குழந்தைகளுக்குத் தின்பண்டம் தர மறுத்த கடைக்காரரின் காணொளி வெளியாயிற்று. அவர் கைது செய்யப்பட்டார். அதே சொற்கள் ஒரு மதம் மாறிய குடும்பத்தின் குழந்தையிடம் சொல்லப்பட்டிருந்தால் வன்கொடுமைச் சட்டம் வந்திராது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் "எந்த ஒருவர்" மீது தீண்டாமை காட்டினாலும் குற்றம் என்பதால், அதைக் கொண்டு வாதிட இடமுண்டு. அதைக் காவல் நிலையத்தில் எழுத வைப்பதற்குள் வழக்கறிஞருக்கு நரை விழுந்துவிடும்.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் மத வரம்பை நீக்கப் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மீண்டும் ஒரு ஆணையம் அமைத்து, இரண்டு ஆண்டுகள் கெடு தந்து, பின் கெடுவை நீட்டித்தது. 2024 மார்ச்சில் தமிழக அரசு, பட்டியல் சாதியிலிருந்து இஸ்லாத்துக்கு மாறியவர்களுக்குப் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவில் இடம் தந்தது. வேலைக்கும் கல்லூரிக்கும் அது உதவும். வன்கொடுமைச் சட்டத்தின் பாதுகாப்பையோ, தனி ஊராட்சியில் போட்டியிடும் உரிமையையோ அது தராது. தரவும் மாநில அரசால் இயலாது.

மாறியவர்களில் சில குடும்பங்கள் பின்னர் திரும்பியதாகவும் பதிவுகள் உண்டு. அப்படித் திரும்புவோரின் பேரப்பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் கேட்டால் என்ன ஆகும்? கே.பி. மனு வழக்கில் 2015-இல் உச்சநீதிமன்றம் மூன்று கூறுகளைக் கேட்டது: ஆணையில் உள்ள சாதியைச் சேர்ந்தவர் என்பதற்குத் தெளிவான சான்று, முன்னோரின் மதத்துக்குத் திரும்பியமை, அச்சமூகம் ஏற்றுக்கொண்டமை. 2024 நவம்பரில் புதுச்சேரியைச் சேர்ந்த ஒருவரின் வழக்கில், நம்பிக்கையின்றி இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறியதாகச் சொல்வது அரசமைப்பின் மீதான மோசடி என்று உச்சநீதிமன்றம் கடுமையாகவே எழுதியது. மதத்தை அளக்க நீதிமன்றத்திடம் எந்தக் கோல் இருக்கிறது என்று நமக்கு விளங்கவில்லை. எப்படியாயினும் சான்றின் சுமை பேரப்பிள்ளையின் தலையில்தான்.

ஆணையத்தின் பரிந்துரை சாதகமாக வந்து மூன்றாம் பத்தி ஒருநாள் நீக்கப்பட்டாலும் இதே கேள்வி எழும். உன் தாத்தா பள்ளர் என்பதற்கு என்ன ஆதாரம் என்று வட்டாட்சியர் கேட்பார். மதம் மாறியவருக்கு இரண்டு பெயர்கள். பழைய பள்ளி மாற்றுச் சான்றிதழிலும் பட்டாவிலும் ஒன்று, ஜமாஅத் பதிவேட்டிலும் அடக்கத்தலத்திலும் மற்றொன்று. இரண்டும் ஒரே ஆள்தான் என்பதை அறிந்தவர்கள் அண்ணன் தம்பியும் அண்டை வீட்டாரும். நமது இறப்புச் சான்றிதழில் சாதி கிடையாது. மதம் புள்ளிவிவரப் படிவத்தோடு நின்றுவிடும். ஆகவே அவர் இறந்து 21 நாட்களுக்குள் முறையாகப் பதிந்து வாங்கும் தாளில், அவர் வாழ்ந்த வாழ்க்கையின் மிக முக்கியமான முடிவு பற்றி ஒரு சொல்லும் இராது.

மாறியதன் பயன் ஒன்றை நாம் மறந்துவிடக் கூடாது. சேரிக்குத் தனி மயானம், தனிப் பாதை என்றிருக்கும் வட்டாரத்தில், ஜமாஅத்தில் சேர்ந்தவரின் மையத்து எல்லாருக்கும் பொதுவான அதே சந்தூக்கில் எடுத்துச் செல்லப்பட்டு, வரிசையில் அடுத்த இடத்தில் அடக்கம் செய்யப்படும் என்பது அம்மதத்தின் நெறி. நடைமுறையில் எங்கெங்கே அது பிசகியது, முஸ்லிம் சமூகத்திற்குள் திருமண உறவில் அவர்கள் எவ்வளவு தூரம் ஏற்கப்பட்டார்கள் என்று கேட்பதும் நம் கடமையே. அக்கேள்விக்கு ஆய்வுரைகள் சொல்லும் பதிலைவிட, நாற்பது ஆண்டுகள் அதை வாழ்ந்து பார்த்த பெண்கள் சொல்லும் பதில் நம்பத்தக்கது. அப்பெண்களுக்கும் இன்று வயதாகிவிட்டது.

தென்காசி, கடையநல்லூர், சுரண்டை வட்டாரக் கல்லூரி மாணவர்களிடம் நாம் கேட்பது பெரிய திட்டமல்ல. தம் தெருவில் உள்ள எழுபது வயதைத் தாண்டியவர்களிடம், எந்த மதமாயினும், ஒரு மாலை உட்காருங்கள். பிறந்தபோது இட்ட பெயர், பின்னால் வந்த பெயர், தாய் தந்தை பெயர்கள், படித்த பள்ளி, எவர் நிலத்தில் எத்தனை காலம் கூலி, சொந்தமாக இருந்து கைமாறிய நிலம், மயானத்துக்குப் போன வழி, அவ்வழி எப்போது யாரால் அடைக்கப்பட்டது ஆகியவற்றைக் கேளுங்கள். சாவுக்கு யார் வீட்டிலிருந்து கோடித்துணி வந்தது என்று கேட்டால் உறவு முறை முழுவதும் தானே வெளிவரும். அவர் சொல்லச் சொல்ல எழுதி, தேதியிட்டு, கையெழுத்தோ ரேகையோ பெற்று, இருவர் சாட்சிக் கையொப்பமிடட்டும். கைப்பேசியில் பதிந்தால் மூலக் கோப்பை வெட்டாமல் வையுங்கள். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் தாக்கல் செய்யப் புதிய சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் வேண்டும். வாட்ஸ்அப்பில் கைமாறிச் சுருங்கிய கோப்புக்கு அதைப் பெறுவது கடினம். வாக்குமூலம் தந்தவருக்கும் ஒரு படி கொடுத்துவிடுங்கள், அது அவருடையது.

இதை வழக்கு வந்த பின் செய்து பயனில்லை. பாதையில் வேலி விழுந்த மறுநாள் எழுதிய வாக்குமூலம், தகராறுக்குப் பிந்தியது என்ற ஒரே காரணத்தால், சொன்னவர் இறந்ததும் இந்தப் பிரிவின் கீழ் நிற்காது. வேலி இன்னும் விழாத ஊர்களில்தான் முதலில் போய் உட்கார வேண்டும்.