கேலி இல்லாத வகுப்பு



ஐக்கிய அரபு அமீரகம் ஒரு பாலைவன நாடு. துபாய், அபுதாபி, ஷார்ஜா என்று ஏழு அமீரகங்கள் சேர்ந்தது. அங்கே வசிப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் வெளிநாட்டுக்காரர்கள். ஆகவே, அங்குள்ள பல பள்ளிகளில் வேறு வேறு மொழி பேசும் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படிக்கிறார்கள்.

2023-ம் ஆண்டில், ஷார்ஜாவில் அப்படி ஒரு பள்ளியைச் சுற்றிப் பார்த்தேன். நான்காம் வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகள், கேரளப் பிள்ளைகள், பாகிஸ்தான், எகிப்து, பிலிப்பைன்ஸ் நாட்டுப் பிள்ளைகள் எல்லாரும் இருந்தார்கள். பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன. அதோடு, எந்த நாட்டுப் பிள்ளையானாலும் அரபியும் படித்தாக வேண்டும்.

அரபியில் 28 எழுத்துகள். வலமிருந்து இடமாக எழுத வேண்டும். ஆனால், எண்களை மட்டும் நம்மைப் போல இடமிருந்து வலமாகத்தான் எழுதுகிறார்கள்! ‘ஐன்’ என்று ஓர் எழுத்து இருக்கிறது. அடித்தொண்டையிலிருந்து ஒலிக்க வேண்டும். நமக்கு லேசில் வராது.

ஒரு தமிழ்ச் சிறுமி எழுந்து அரபி படித்தாள். அந்த எழுத்து வந்தபோது மூன்று முறை தடுமாறினாள். வகுப்பில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. பக்கத்தில் இருந்த எகிப்துப் பையன் மெதுவாக ஒருமுறை சொல்லிக் காட்டினான். அவள் திருப்பிச் சொன்னாள். பாடம் தொடர்ந்தது.

இடைவேளையில் அவளுடைய முறை! அந்தப் பையன் ‘தமிழ்’ என்று சொல்லப் பார்த்தான். ‘தமில்’ என்றுதான் வந்தது. நாக்கை உள்ளே மடிக்க வேண்டும், மேலே ஒட்டக் கூடாது என்று அவள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள்.

வகுப்பு ஆசிரியையிடம் கேட்டேன். “யாருடைய உச்சரிப்பையும் கேலி செய்யக் கூடாது, தெரிந்தவர் சொல்லிக் கொடுக்க வேண்டும். இந்த வகுப்பின் விதி இதுதான்” என்றார்.

பல மொழிகள் படித்தால் பிள்ளைகள் குழம்பிப் போவார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. அங்கே யாரும் குழம்பியதாக எனக்குத் தெரியவில்லை. மொழி கற்பதற்குத் தடை மொழிகளின் எண்ணிக்கை அல்ல. கேலிதான் தடை என்பதே என் கருத்து.

‘சும்மா விளையாட்டுக்குத்தானே சிரித்தோம்’ என்பீர்கள். சிரித்தவர் ஐந்து நிமிடத்தில் மறந்துவிடுவார். சிரிப்புக்கு ஆளானவர் மறுநாள் கையைத் தூக்க மாட்டார். ஆங்கில வகுப்பில் ஒருமுறை கேலிக்கு ஆளாகி, பிறகு ஆண்டு முழுவதும் வாய் திறக்காத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு விடை தெரியும். ஆனாலும், வாய் திறக்கப் பயம்!

இன்னொன்று தெரியுமா? அசல், நகல், பாக்கி, வசூல், வக்கீல் எல்லாம் அரபியில் பிறந்து, பாரசீகம், உருது வழியாக நம்மிடம் வந்த சொற்கள். ‘ஹல்வா’வை நாம் ‘அல்வா’ ஆக்கிக்கொண்டோம். அரபிக்காரர் காதுக்கு நம் உச்சரிப்பும் பிழைதானே? ஒவ்வொரு மொழிக்காரருக்கும் வராத ஓர் ஒலி உண்டு. நமக்கு ‘ஐன்’, அவர்களுக்கு ‘ழ’.

இன்று திருப்பூரிலும் சென்னையிலும் ஒடிசா, பீகார் மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் தமிழ் படிக்கிறார்கள். ‘பழம்’ என்பதை அவர்கள் ‘பலம்’ என்று சொல்லலாம். உங்கள் வகுப்பிலும் அப்படி ஒருவர் இருக்கிறாரா? சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, ஒருமுறை மெதுவாகச் சொல்லிக் காட்டுங்கள். அவர் மொழியில் பழத்துக்கு என்ன பெயர் என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நாளைக்கே தொடங்குவீர்கள்தானே?