'நின்னுடு' என்று சொல்வதற்கு முன்னால்…



போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து மல்லிகைப் பூ கட்டிக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுப் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பத்தொன்பது வயசு. பன்னிரண்டாவது முடித்துவிட்டு, விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறாள். கொஞ்ச நேரம் பூவை எடுத்து எடுத்துக் கொடுத்தவள், திடீரென்று, "அக்கா, வேலைய விட்டுரலாமான்னு இருக்கு. ஆனா வீட்ல ஏன்னு கேட்டா என்னத்தச் சொல்ல?" என்றாள்.

மெதுவாகக் கேட்டதும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பாத்ரூம் போனால், போகிற நேரம், வருகிற நேரம் இரண்டையும் நோட்டில் எழுத வேண்டும். பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் அபராதம். மாதவிலக்கு நாட்களில் கூடுதலாகப் போக வேண்டியிருந்தால், எந்தத் தேதியில் ஆரம்பித்தது என்று பக்கத்திலேயே குறிக்க வேண்டும். போன மாதத் தேதியோடு ஒத்துப் பார்த்து, "என்ன, இந்த மாசம் சீக்கிரமே வந்துருச்சா?" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்பாராம். ராத்திரி கடை அடைத்ததும் பின்பக்கப் படிக்கட்டில் வரிசையாக நிற்க வைத்து, பையை மட்டுமல்ல, உடம்பையும் தடவிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்களாம்.

நான் பூவைக் கீழே வைத்துவிட்டேன். காரணம், பத்து வருஷத்துக்கு முன்னால் நானும் அதே கடையில்தான் வேலை பார்த்தேன். அதே படிக்கட்டு ஓரத்தில் கயிறு கட்டித் தொங்கிய நோட்டில் நானும் எழுதியிருக்கிறேன்!

அந்தக் கடையில் நான் இரண்டு வருஷம் இருந்தேன். சுடிதார் செக்‌ஷன். காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதரை வரை நிற்பதுதான். ஆடித் தள்ளுபடி, தீபாவளி என்றால் கேட்கவே வேண்டாம். கால் வீங்கும். ஆனால் காலைவிட அந்த நோட்டுதான் எனக்குப் பெரிய வலி. அதற்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டேன். நீர்க்கடுப்பு வந்து டாக்டரிடம் போனேன். அவர் தண்ணீர் நிறையக் குடிக்கச் சொன்னார். நான் எதைச் சொல்வது?

இதில் எதையும் நான் வீட்டில் சொல்லவில்லை. ஏன் தெரியுமா? சொன்னால் எங்க வீட்டுக்காரர் ஒரே வார்த்தையில், "நாளையிலருந்து நின்னுடு" என்று சொல்லிவிடுவார் என்று தெரியும். "அப்பவே சொன்னேன், பொம்பளைக்கு எதுக்கு வேலைன்னு" என்று அத்தையும் சேர்ந்துகொள்வார்கள். அப்போது என் சம்பளத்தில்தான் பெரியவனுக்கு ஸ்கூல் ஃபீஸும் மகளிர் குழு தவணையும் போய்க்கொண்டிருந்தது. பத்தாவது படித்த எனக்கு வேறு வேலை யார் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்கள்? அதனால் வாயை மூடிக்கொண்டேன். கடைசியில் உடம்பு ஒத்துழைக்காமல் போனபோது, "கால் வலிக்குது" என்று பொய் சொல்லித்தான் நின்றேன். கடையிலும் அதே பொய்தான். யாருக்கும் எந்தச் சங்கடமும் இல்லை. நோட்டு மட்டும் அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது. இப்போது இந்தப் பெண் அதில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வேலையை விட்டதில் தப்பில்லை. வாயைத் திறக்காமல் விட்டதுதான் தப்பு என்று இப்போது தோன்றுகிறது.

இது ஏதோ ஒரு கடையின் கதை என்று யாரும் நினைக்க வேண்டாம். 2010-இல் வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' படம் வந்தபோது, அதைப் பார்த்து அழாத பெண்கள் குறைவு. அழுதுவிட்டு, மறுநாள் அதே மாதிரி கடைக்குப் போய்த் துணி எடுத்தோம். 2014 டிசம்பரில் கொச்சியில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தின் கழிப்பறையில் உபயோகித்த நாப்கின் கிடந்தது என்பதற்காக, அங்கே வேலை பார்த்த பெண்களின் உடையைக் களையச் சொல்லிச் சோதித்தார்கள். 2025 அக்டோபரில் ஹரியானா மாநிலம் ரோத்தக்கில், ஒரு பல்கலைக்கழகத்தின் துப்புரவுப் பணிப் பெண்கள் மாதவிலக்கு என்று சொன்னதற்கு ஆதாரமாக போட்டோ எடுத்துக் காட்டச் சொன்னார்கள். எழுதவே கை கூசுகிறது. ஆனால் இந்த இரண்டு இடத்திலும் அந்தப் பெண்கள் "கால் வலி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. வெளியே வந்து சொன்னார்கள். அதனால்தான் அது செய்தியானது, போலீஸ் வரைக்கும் போனது.

நம் பக்கத்து மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில், ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண் கொலை செய்யப்பட்டார். மேற்பார்வையாளர் அவருக்குத் தொந்தரவு கொடுத்து வந்ததாக வீட்டாரும் உடன் வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். அதன் பிறகு பெண் தொழிலாளர்கள் சங்கமாக விடாமல் போராடியதில், 2022 ஏப்ரலில் 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று ஒன்று ஏற்பட்டது. வெளிநாட்டு துணிக் கம்பெனியான எச்.அண்ட்.எம். வரைக்கும் அதில் கையெழுத்துப் போட்டது. தொழிலாளர்களிலிருந்தே சில பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, தொந்தரவு நடந்தால் கவனித்துச் சொல்லும் பொறுப்பை அவர்களிடமே கொடுத்தார்கள். ஒரு உயிர் போன பிறகு வந்த ஏற்பாடு அது. அவ்வளவு தூரம் போகும் வரை நாம் காத்திருக்க வேண்டுமா?

கோழிக்கோட்டில் மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைத்தெரு இருக்கிறது. அங்கே கடைகளில் வேலை பார்த்த பெண்களுக்குக் கழிப்பறையே கிடையாது. தையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த விஜி என்பவர் அந்தப் பெண்களை ஒன்று சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் உட்கார நாற்காலி கேட்டார்கள். 2018-இல் கேரள அரசு, கடையில் வேலை பார்ப்பவர்கள் உட்கார இடம் தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியது. 2021-இல் நம் தமிழ்நாடு அரசும் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. கழிப்பறையில் ஆரம்பித்த பேச்சு இரண்டு மாநிலத்துச் சட்டம் வரைக்கும் போயிருக்கிறது பாருங்கள்! நான் வேலை பார்த்தபோது ஸ்டூல் என்ற பேச்சே கிடையாது. இப்போது இந்தப் பெண்ணின் செக்‌ஷனில் இரண்டு ஸ்டூல் இருக்கிறதாம். "ஆள் இல்லாத நேரம் உக்காருவோம்க்கா" என்றாள்.

கடைக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். களவு போகாமல் இல்லை. பாத்ரூமில் நின்று செல்போன் பார்க்கிற பிள்ளைகளும் உண்டு. நூறு பேரை வைத்து வேலை வாங்குகிறவருக்குக் கட்டுப்பாடு வேண்டும்தான். ஆனால் எது கட்டுப்பாடு, எது அத்துமீறல் என்று பிரித்துப் பார்க்க என் சிற்றறிவுக்கு எட்டிய மூன்று கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி, அந்த விதி என் வேலையைப் பற்றியதா, என் உடம்பைப் பற்றியதா? பையைத் திறந்து காட்டச் சொல்வது வேறு. இடுப்பைத் தடவிப் பார்ப்பது வேறு. இரண்டாவது, அந்த விதி எல்லோருக்கும் உண்டா? பில் போடுகிற இடத்தில் இருக்கும் முதலாளியின் சொந்தக்காரப் பையனும் நோட்டில் எழுதிவிட்டுத்தான் போகிறானா? மூன்றாவது, அந்த விதியை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி வாசலில் போர்டு எழுதி மாட்ட முடியுமா? 'வெளியில் உணவு கொண்டுவரக் கூடாது' என்று மாட்டுகிறார்களே, அதுபோல 'எங்கள் பெண் ஊழியர்களின் மாதவிலக்குத் தேதி இங்கே குறிக்கப்படும்' என்று மாட்டுவார்களா? மாட்ட முடியாத விதி என்றால் அது வெட்கப்பட வேண்டிய விதி. வெட்கப்பட வேண்டியவர்கள் நாம் இல்லை.

சரி, வேலையை விடலாமா, கூடாதா? நான் அவளிடம் 'விடு' என்றும் சொல்லவில்லை, 'பொறுத்துக்க' என்றும் சொல்லவில்லை. விடுவதாக இருந்தாலும் தெரிந்துகொண்டு விடு என்று சொன்னேன். எனக்கு அந்த வயதில் தெரியாததை அவளுக்கு எடுத்துச் சொன்னேன்.

உடம்பில் கை வைப்பது, அசிங்கமாகப் பேசுவது இதற்கெல்லாம் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் எந்த இடத்திலும் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதற்குத் தலைவி ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். பத்துப் பேருக்குக் குறைந்த சின்னக் கடை என்றாலோ, முதலாளி மேலேயே புகார் என்றாலோ, மாவட்ட அளவில் உள்ள குழுவிடம் போகலாம். இருக்கை இல்லை, சம்பளத்தைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் சொல்லலாம். பெண்கள் உதவிக்கு 181 என்ற எண் இருக்கிறது. மாவட்டக் கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் பெண்களுக்கு இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்கிறார்கள்.

இன்னொன்று. தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்த ஒருவரை, தக்க காரணம் இல்லாமல் 'நாளையிலிருந்து வராதே' என்று கடைகள் சட்டப்படி அனுப்பக் கூடாது. ஒரு மாத நோட்டீஸோ, அதற்கு உண்டான சம்பளமோ கொடுக்க வேண்டும். இவளுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. 'கேட்டால் அனுப்பிவிடுவார்கள்' என்ற பயம்தானே நம் வாயைக் கட்டிப் போடுகிறது? அந்தப் பயம் பாதியாகக் குறைந்தாலும் லாபம்தான். சட்டத்தில் இருப்பதெல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. கேட்பதற்கு நமக்கு வழி இருக்கிறது என்று தெரிந்து கேட்கும்போது குரலே மாறிவிடும்.

கேட்பதையும் தனியாகக் கேட்கக் கூடாது. தனியாகக் கேட்டால் 'திமிர் பிடிச்சவ' என்ற பெயர்தான் கிடைக்கும். இவளோடு மாடியில் பதினோரு பெண்கள். அதில் ஏழு பேர் சேர்ந்து ஒரு வெள்ளைத்தாளில் மரியாதையாக எழுதினார்கள். 'பாத்ரூம் நோட்டில் தேதி குறிப்பதை எடுத்துவிடுங்கள். சோதனையைப் பையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.' அவ்வளவுதான். எழுதும்போது நானும் கூட இருந்து பிழை திருத்தினேன். புதன்கிழமை மேனேஜரிடம் கொடுத்தார்கள். அவர் படித்துவிட்டு ஒன்றும் பேசவில்லையாம். வெள்ளிக்கிழமை போனபோது நோட்டில் தேதிக்கான கட்டம் இல்லை. நேரம் எழுதுவது மட்டும் அப்படியே இருக்கிறது. உடம்பைத் தடவிப் பார்ப்பது பற்றி இன்னும் பதில் இல்லை. தீபாவளி வரைக்கும் பார்க்கிறேன், மாறவில்லை என்றால் வேறு இடம் பார்த்துக்கொண்டு நின்றுவிடுகிறேன் என்கிறாள். முடிவு அவளுடையது. நின்றாலும் காரணத்தை எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் நிற்பேன் என்கிறாள். அது எனக்குப் போதும்.

இதைப் படிக்கும் அம்மாக்களுக்கும், மாமியார்களுக்கும், முக்கியமாக வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டுப் பெண் வேலை இடத்தில் நடக்கிற அசிங்கத்தைச் சொல்ல வந்தால், எடுத்த எடுப்பிலேயே 'நின்னுடு' என்று சொல்லாதீர்கள். நீங்கள் பாசத்தில்தான் சொல்கிறீர்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்துதான் எத்தனையோ பெண்கள் சொல்லாமலேயே இருக்கிறார்கள். அங்கே தப்புச் செய்கிறவனுக்கும் இது நன்றாகத் தெரியும். 'இவள் வீட்டில் சொல்ல மாட்டாள்' என்ற தைரியம்தான் அவனுக்கு. முதலில், "என்ன நடந்துச்சு, சொல்லுத்தா" என்று கேளுங்கள். அப்புறம், "நீ என்ன செய்யலாம்னு நினைக்கிற?" என்று கேளுங்கள். அதற்கு மேல் அவளே பார்த்துக்கொள்வாள்.

பத்து வருஷம் கழித்து, இந்தக் கடிதத்தை எழுதுவதற்கு முன்னால், எங்க வீட்டுக்காரரிடம் நான் நின்ற உண்மையான காரணத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்பவே சொல்லியிருக்கலாம்ல?" என்றார்.

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மதுரை.