சிங்கராயர் பெயரும் தொழிலாளியின் கூலியும்

2025-ம் ஆண்டு மே 8-ந் தேதி ரோமாபுரியில் வெண்புகை எழுந்தது. 133 கர்தினால்மார் கூடி, நான்காவது வாக்கெடுப்பில் புதிய பாப்பரசரைத் தெரிந்தெடுத்தனர். நம் நாட்டுப் பினாங்கு மேற்றிராணியார் கர்தினால் செபஸ்டியன் பிரான்சிஸும் அவர்களில் ஒருவர். தெரிந்தெடுக்கப்பட்டவர் அமெரிக்காவில் பிறந்து, பெரு நாட்டு மக்களிடையே பல்லாண்டு தொண்டு செய்த ராபர்ட் பிரீவோஸ்ட். கத்தோலிக்கர் என்ற முறையில் நாம் மகிழ்ந்தோம். அவர் பூண்ட பெயரைக் கேட்டதும் தொழிற்சங்கவாதிகள் என்ற முறையில் இன்னொரு மடங்கு மகிழ்ந்தோம். 14-ம் லியோ! நம் தமிழ்க் கத்தோலிக்கர் சிங்கராயர் என்று பிள்ளைகளுக்குச் சூட்டி வந்த பெயர் அது.

இந்தப் பெயர் ஏன்? மே 10-ந் தேதி கர்தினால்மாரிடம் அவரே காரணம் கூறினார். முதலாவது பெரும் இயந்திரப் புரட்சியின்போது 13-ம் சிங்கராயர் தொழிலாளர் பிரச்சினையைக் கையில் எடுத்தார். இன்று செயற்கை அறிவு என்ற புதிய புரட்சி மனித கௌரவத்துக்கும் நீதிக்கும் உழைப்புக்கும் சவால் விடுகிறது. ஆகவேதான் இந்தப் பெயர் என்றார்.

ஆனால் செராஸில் திருப்பலி முடிந்து கலையும் வேளையில் ஒரு பெரிய மனிதர் நம்மிடம் சொன்னது என்ன? "பாப்பரசர் ஆன்மாவைப் பார்க்கட்டும், சம்பள விஷயத்தை முதலாளிமார் பார்த்துக் கொள்வார்கள். கோயிலுக்குள் யூனியனைக் கொண்டு வராதீர்கள்" என்றார். அவருக்கும், அவரைப் போல் எண்ணும் எல்லோருக்கும் நமது பதில் இதுதான்.

யூனியனைக் கோயிலுக்குள் கொண்டு வந்தவர்கள் நாமல்ல, ஐயா! 1891-ம் ஆண்டு மே 15-ந் தேதி 'ரேரும் நோவாரும்' என்ற சுற்றுமடலை வெளியிட்ட 13-ம் சிங்கராயரே கொண்டு வந்தார். சங்கம் அமைப்பது மனிதனின் இயற்கை உரிமை, அதை அரசாங்கமும் தடுக்கலாகாது என்று அவர் எழுதினார். சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்குப் போதாத கூலி நீதியான கூலி அல்ல என்றார். "அவனே சம்மதித்துத்தானே கையெழுத்துப் போட்டான்?" என்ற வாதத்தையும் அவர் விட்டு வைக்கவில்லை. வேறு வழியின்றி, இதைவிடப் பெரிய துன்பம் வருமோ என்று அஞ்சி ஒருவன் ஏற்கும் ஒப்பந்தம் பலாத்காரமே என்றார். கங்காணி காலத்து ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்த நம் பாட்டன்மார் கேட்டிருக்க வேண்டிய வார்த்தை அது! இன்று கடன்பட்டு அயல்நாட்டிலிருந்து வந்து, நம் அருகிலேயே பால்மரம் சீவும் சகோதரனுக்கும் அது பொருந்தும். நுகம் வேறொரு கழுத்துக்கு மாறியதால் அது நீதியாகிவிடுமா?

அதே சுற்றுமடல் சொத்துரிமையை ஆதரித்தது, பொதுவுடைமையை மறுத்தது. உண்மை. நாம் மறைக்கவில்லை. ஆனால் முதலாளிமார் அந்தப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். சொத்துரிமை தொழிலாளிக்கும் உண்டு. மிச்சம் பிடித்துச் சிறிது நிலம் வாங்கும் அளவுக்கு அவனுக்குக் கூலி வேண்டும் என்பது அடுத்த பக்கம்! தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-ல் துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. தொழிலாளர் சிறுகச் சிறுகச் சேர்த்த வெள்ளியால் தோட்டங்களையே வாங்கியது. அந்த அடுத்த பக்கத்தைச் செய்து காட்டியவர்கள் பால்மரத் தொழிலாளர்களே.

கிள்ளானை நினைத்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்கு உள்ள கூலி எங்களுக்கும் வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் கேவலம் ஒழிய வேண்டும் என்று 1941-ல் நம்மவர் வேலை நிறுத்தம் செய்தனர். தலைவர் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். மே மாதம் பட்டாளம் சுட்டது, தொழிலாளர் மாண்டனர். சிங்கராயரின் சுற்றுமடலுக்கு அது பொன்விழா ஆண்டு. அதே மே மாதம்! அந்த மடலைப் பூசித்த ஐரோப்பாவிலிருந்து வந்த துரைமாரின் தோட்டங்களில் அதற்குக் கிடைத்த மரியாதை அதுவே.

இன்று நிலை என்ன? 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். வாடகையும் பஸ் கட்டணமும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் போக, கோலாலம்பூர் ஓரத்தில் ஒரு குடும்பம் இதில் எதை மிச்சம் பிடிக்கும்? கிராணிமாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. செக்ரோல் எழுதும் பேனா நம் கையில் இருப்பதால் நாம் துரையின் பக்கம் என்று எண்ண வேண்டாம். பாப்பரசர் சொன்ன புதிய இயந்திரம் பால்வெட்டுக் கத்தியைத் தொடுமுன் நம் மேசையைத்தான் தொடும். பிரட்டுக் களத்தில் நிற்பவனும் ஆபீசில் அமர்ந்திருப்பவனும் ஒரே சங்கத்தின் நிழலில் நிற்க வேண்டிய காலம் இது.

கத்தோலிக்க முதலாளிமாருக்குச் சொல்கிறோம்: புதிய பாப்பரசரின் படத்தை ஆபீஸ் சுவரில் மாட்டுவது நல்லதே. அதன் கீழே அமர்ந்து, சங்கத்தில் சேர்ந்தவனை வேலையை விட்டு நிறுத்தும் கடிதத்தில் மட்டும் கையெழுத்திடாதீர்கள். கத்தோலிக்கத் தொழிலாளருக்குச் சொல்கிறோம்: ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறீர்கள், சங்கச் சந்தாவையும் தவறாமல் கட்டுங்கள். குருமாரை வேண்டுகிறோம்: ஆண்டுதோறும் மே 15-ந் தேதியை ஒட்டி வரும் ஞாயிறன்று அந்தச் சுற்றுமடலைத் தமிழில் விளக்கிப் பிரசங்கம் செய்யுங்கள். மற்ற மதத்துத் தோழர்களும் வந்து கேட்கட்டும். நீதியான கூலி எல்லோருக்கும் பொது.

14-ம் சிங்கராயர் பெயரோடு பொறுப்பையும் ஏற்றிருக்கிறார். அதை அவர் எப்படி நிறைவேற்றுகிறார் என்று நாமும் பார்த்துக்கொண்டிருப்போம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டிராமல் நம் பங்கைச் செய்வோம், தோழர்களே!

— தோட்டக் கிராணி ஒருவர், செராஸ்